தாய்ப்பன்றியாக வந்த தயாபரன்!

மதுரைக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உங்களை முதலில் வரவேற்பது ஒரு மலைதான். மேலூர் சாலையில் வந்தால், கால் நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போல யானைமலை. மேற்கே, நெளிந்து நீண்டு கிடக்கிறது நாகமலை. திருப்பரங்குன்றம் சாலையில் பசுமலை.

யானை, நாகம், பசு... மூன்றுமே ஒரு காலத்தில் மதுரையை அழிக்க ஏவப்பட்டு வந்தவை என்றும், சோமசுந்தரப் பெருமான் அவற்றை அடக்கி மலைகளாக நிற்கச் செய்தார் என்றும் சொல்கிறது திருவிளையாடற் புராணம். அழிக்க வந்த விலங்குகளின் பெயரைக்கூட இந்த ஊர் அழித்துவிடவில்லை. இன்றைக்கும் முகவரியில் எழுதுகிறது. பேருந்துப் பலகையில் எழுதுகிறது. விலங்குகளோடு மதுரைக்கு இருக்கும் உறவு, அப்படி ஓர் உறவு!

பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்து நான்கு திருவிளையாடல்களையும் ஒருமுறை மனத்துக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். கல் யானை கரும்பு தின்றது. நரிகள் பரிகளாயின, பரிகள் மீண்டும் நரிகளாயின. கரிக்குருவி உபதேசம் பெற்றது. நாரை முக்தி அடைந்தது. அரசர்களுக்கும் புலவர்களுக்கும் அருளிய அதே ஆலவாய் அண்ணல், வாய் பேச முடியாத உயிர்களுக்கும் படலம் படலமாக அருளியிருக்கிறார்.

அவற்றுள் ஒன்று, கேட்கும்போதே நெஞ்சை உருக்கும்.

பன்னிரண்டு குட்டிகள்!

வைகைக் கரையில், சோழவந்தானுக்கு அருகே இருக்கிறது குருவித்துறை. வியாழ பகவானுடன் தொடர்புடைய தலம். அங்கே சுகலன் என்றொரு வேளாளர் செல்வச் செழிப்போடு வாழ்ந்தார். அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். தாயும் தந்தையும் இறந்தபின் பிள்ளைகள் வேடர்களோடு சேர்ந்து தறிகெட்டுத் திரிந்தனர். ஒருநாள், தவத்தில் இருந்த குரு பகவான் மீது மண்ணையும் கல்லையும் வாரி இறைத்தார்கள். ‘பன்றிக்குட்டிகளாகப் பிறந்து, தாயையும் இழந்து தவியுங்கள்’ என்று சபித்தார் குரு. அவர்கள் நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்க, ‘ஈசனே தாயாக வந்து உங்களுக்குப் பால் தருவார்’ என்று சாப விமோசனமும் சொன்னார்.

அப்படியே நடந்தது. காட்டில் வேட்டைக்கு வந்த பாண்டியனோடு ஆண் பன்றி போரிட்டு மடிந்தது. பெண் பன்றியும் மாண்டது. பன்னிரண்டு குட்டிகள், கண்கூடச் சரியாகத் திறவாத பருவம். பசியால் கதறுகின்றன; வெயிலில் துடிக்கின்றன; எங்கே போவது என்று தெரியவில்லை.

பெருமான் என்ன செய்தார் தெரியுமா?

கணங்களை ஏவவில்லை. ‘யாராவது போய்ப் பாருங்கள்’ என்று சொல்லவும் இல்லை. தாமே ஒரு தாய்ப்பன்றியாக உருவெடுத்து, அந்தக் குட்டிகளின் நடுவே போய்ப் படுத்துப் பால் கொடுத்தார்! மாலும் அயனும் அடிமுடி தேடிக் காணாத பரம்பொருள், சேற்றில் புரளும் பன்றியின் உருவில்!

‘இழிந்த பன்றிக்குட்டிகளுக்கு இப்படி இரங்கியது ஏன்?’ என்று அம்மையே கேட்டதாகவும், எல்லா உயிர்களும் தமக்கு ஒன்றே என்று ஐயன் அருளியதாகவும் புராணம் சொல்கிறது. பின்னாளில் அந்தக் குட்டிகளே பாண்டியனுக்கு அமைச்சர்களாகவும் ஆயின. மீனாட்சியம்மன் கோயிலின் எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் இந்தத் திருவிளையாடல் சிற்பமாக நிற்கிறது. அடுத்த முறை மதுரை சென்றால், அந்தத் தூணின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நின்று, இந்தக் கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு குட்டிகள் இன்றைக்கு எங்கே இருக்கின்றன?

குப்பைத் தொட்டியின் ஓரத்தில், அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போன நாய்க்குட்டிகளாக இருக்கின்றன. கறவை நின்றதும் அவிழ்த்துவிடப்பட்ட பசுவாக, சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டு நிற்கின்றன. நான்குவழிச் சாலையில் லாரி மோதிக் காலொடிந்து கிடக்கின்றன.

மதுரை பெற்ற மகள்

உயிர்களுக்கு இரங்கும் இந்த மரபு புராணத்தோடு முடிந்துவிடவில்லை. விலங்குகளுக்கு ஆதரவாக இந்திய நாடாளுமன்றத்தில் எழுந்த குரல் மதுரையில் பிறந்த குரல்தான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ஆமாம்... ருக்மிணிதேவி அருண்டேல்! ‘கலாக்ஷேத்ரா’வை நிறுவியவர் என்றும், பரதநாட்டியத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தவர் என்றும் அவரை அறிவோம். அவர் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்ற அவர், அங்கே கலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே அப்படியொரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி 1962-ல் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. வளர்க்கும் பிராணியைத் தக்க காரணமின்றிப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது குற்றம் என்று சொல்வதும் அதே சட்டம்தான்.

மீனாட்சி ஆண்ட ஊரில் பிறந்த ஒரு பெண், வாயில்லா ஜீவன்களுக்காக வாய் திறந்தார். இதையும் ஒரு திருவிளையாடல் என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

நான்கு தானங்கள்

யானைமலையிலும் கீழக்குயில்குடி சமணர் மலையிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களின் சிற்பங்களை இன்றும் அங்கே காணலாம். அவர்கள் நான்கு தானங்களை உயர்வாகச் சொன்னார்கள்: உணவு, அடைக்கலம், மருந்து, அறிவு. பழைய கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்றே ஒரு சொல் வருகிறது. அஞ்சி ஓடிவந்தவர் ஒதுங்குவதற்கான இடம். எத்தனை அழகான சொல்!

ஒரு நல்ல விலங்குக் காப்பகத்தின் வேலை என்ன என்று கேட்டால், இந்த நான்கையும் அப்படியே சொல்லிவிடலாம்.

முதலாவது, அடைக்கலம். அடிபட்டவை, தாயை இழந்தவை, கைவிடப்பட்டவை ஆகியவற்றுக்குத் தற்காலிகமாக ஓர் இடம். ‘தற்காலிகமாக’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள எல்லா விலங்குகளையும் கூண்டில் அடைத்து வைப்பது காப்பகத்தின் நோக்கமே அல்ல. குணமானதை உரிய இடத்தில் சேர்ப்பதும், தக்க வீட்டுக்குத் தத்துக் கொடுப்பதும்தான் நோக்கம்.

இரண்டாவது, மருந்து. இதில் தெருநாய்களுக்கான பணி மிகப் பெரியது. மதுரை மாநகராட்சி செல்லூரிலும் அவனியாபுரம் வெள்ளக்கல்லிலும் நாய்களுக்கான கருத்தடை மையங்களை நடத்தி வந்திருக்கிறது. இப்படிப்பட்ட மையங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாயை வலை வீசிப் பிடிக்கும்போதே, எந்தத் தெருவில் பிடித்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். உடல்நிலையைச் சோதித்து, கருத்தடை அறுவை சிகிச்சை செய்கிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். அடையாளமாகக் காதில் சிறு வெட்டு. புண் ஆறும்வரை வைத்திருந்து, பிடித்த அதே தெருவில் கொண்டுபோய் விடுகிறார்கள். உங்கள் தெரு நாயின் காது நுனி வெட்டுப்பட்டிருந்தால், ‘ஐயோ பாவம், யாரோ வெட்டிவிட்டார்கள்’ என்று பதறாதீர்கள். அது சிகிச்சை முடிந்ததற்கான முத்திரை!

‘பிடித்த நாயை மறுபடி ஏன் கொண்டுவந்து விடுகிறார்கள்?’ என்று கோபப்படுபவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆங்கிலேயர் காலத்திலிருந்து சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தார்கள். எண்ணிக்கை குறையவில்லை. ஓரிடத்தில் நாய்களை அகற்றினால், அங்கே கிடக்கும் எச்சிலுக்கும் குப்பைக்கும் பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடுகின்றன; அவை மறுபடி பெருகுகின்றன. விமானியான கேப்டன் சுந்தரம் 1959-ல் சென்னையில் தொடங்கிய ‘புளூ கிராஸ்’ அமைப்பு, 1964 முதலே கருத்தடையை மாற்று வழியாக முன்வைத்தது. 1996-ல் சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-ல் நாடு முழுவதற்குமான விதிகளாக ஆயிற்று. 2023-ல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஒரு பகுதியில் 100 நாய்கள் இருந்தால், குறைந்தது 70 நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்கிறது மருத்துவம். நாலு நாய்க்குப் போட்டுவிட்டு நின்றுவிட்டால் பயனில்லை.

உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்ற நாய்களைச் சிகிச்சைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றும், உணவிடுவதற்கென்று தனி இடங்களை ஒதுக்கவேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7-ல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் திரியும் நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற உத்தரவிட்டது. ஆக, காப்பகங்களின் சுமை கூடியிருக்கிறது. அதில் நமக்கும் பங்கு உண்டு.

புண்ணியமா, பாவமா?

மூன்றாவது, உணவு. ‘இதை நாங்கள் செய்கிறோமே’ என்பீர்கள். தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு நாய்க்கு ரொட்டி, வெள்ளிக்கிழமை பசுவுக்கு அகத்திக்கீரை, அழகர்கோவில் மலையில் குரங்குக்குப் பழம்... எல்லாம் நல்ல மனத்தோடு செய்வதுதான். ஆனால், கொடுப்பதில் ஒரு முறை வேண்டும்.

அமாவாசை அன்று, ஒரே பசுவுக்குப் பத்து வீட்டுச் சோறும் பொங்கலும் போகிறது. அளவுக்கு மீறிய சோறு பசுவின் வயிற்றில் புளித்து அமிலமாகிறது. உயிரையே பறித்துவிடவும் கூடும். கீரையைக் கட்டிய பிளாஸ்டிக் பையோடு போட்டுவிட்டுப் போகிறோம். அந்தப் பை வயிற்றில் தங்கி, மெல்ல மெல்லக் கொல்கிறது. நாய்க்குச் சாக்லேட் நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கையிலிருந்து பழம் வாங்கிப் பழகிய குரங்கு, மறுநாள் குழந்தையின் கையிலிருந்து பையைப் பிடுங்குகிறது. அப்புறம் அதைக் கல்லால் அடிப்பதும் நாம்தான்!

பொற்றாமரைக் குளத்துக்கு வந்த நாரையின் கதையை நினைத்துப் பாருங்கள். பசியோடு வந்த நாரை, புனிதமான அந்தக் குளத்தில் துள்ளிய மீன்களைக் கொத்தாமல் தன்னை அடக்கிக்கொண்டது. ‘இனி இந்தக் குளத்தில் மீன்களே இல்லாதிருக்க வேண்டும்’ என்று வரம் கேட்டது. தனக்குப் பின் வரும் நாரைகளும் தவறு செய்துவிடக் கூடாதே என்ற அக்கறை! ஒரு பறவைக்கு அத்தனை தொலைநோக்கு. நமக்கு?

ஒரு கை சோறு இடுவது எளிது. அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, கருத்தடை ஆயிற்றா என்று விசாரித்து, ஆகவில்லை என்றால் மாநகராட்சிக்குச் சொல்வதுதான் முழுமையான தொண்டு. தினமும் சோறு மட்டும் போட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை குட்டிகள் பிறந்து, அவை சக்கரத்தில் நசுங்குவதைப் பார்த்துக் கண்ணீர் விடுவதில் என்ன பலன்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாயைக் கண்டு அஞ்சுகிறவர்களை ‘இரக்கமில்லாதவர்கள்’ என்று ஏசாதீர்கள். கடிபட்ட குழந்தையைப் பெற்றவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும். அதிகாலையில் பால் போடப் போகிறவரும், இரவில் வேலை முடிந்து திரும்புகிறவரும் படும் பயம் பொய் அல்ல. காக்கைகள் கொத்த, அஞ்சி ஓடிவந்த கரிக்குருவிக்கு உபதேசம் செய்து வலிமை தந்தவர் நம் சொக்கநாதர். அஞ்சியவர் பக்கம் நிற்பதும் சிவத்தொண்டே! அதனால் நடைபாதையின் குறுக்கே, வீட்டு வாசல்களில், பள்ளிக்கு எதிரே உணவு வைக்காதீர்கள். ஒதுக்கப்பட்ட இடத்தில் வையுங்கள். மிச்சத்தை அள்ளிச் சுத்தம் செய்யுங்கள்.

அறிவு என்னும் தானம்

நான்காவது தானம் அறிவு. காப்பகங்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவதும், தெருத்தெருவாகத் தடுப்பூசி முகாம் நடத்துவதும் இதற்காகத்தான். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒரு பிரெஞ்சுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பு மருந்து செலுத்தினார். அந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். மதுரைக்காரர்கள் தல்லாகுளத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையை நாடலாம். ஆடு மாடுகளுக்கு அவசரம் என்றால் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்க எண் 1962. விலங்குகள் நல வாரியம் பிறந்த ஆண்டும் அதுவே, மறக்காது!

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நாய் கடித்தால், பிறாண்டினாலும்கூட, உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கழுவிய கையோடு மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியெல்லாம் பழைய கதை; இப்போது கையில்தான். மருத்துவர் சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். மந்திரிப்பதும் திருநீறு பூசுவதும் உங்கள் நம்பிக்கை; அவற்றை ஊசி போட்ட பிறகு செய்யுங்கள். நோய் முற்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தடுத்திருக்கக்கூடிய மரணங்கள்!

சொர்க்கத்தின் வாசலில்...

மகாபாரதத்தின் கடைசியில், தருமரைத் தொடர்ந்து ஒரு நாய் வருகிறது. ‘நாயை விட்டுவிட்டு உள்ளே வா’ என்கிறான் இந்திரன். ‘என்னை நம்பி வந்த உயிரை விட்டுவிட்டுக் கிடைக்கும் சொர்க்கம் எனக்கு வேண்டாம்’ என்று மறுக்கிறார் தருமர். ஆனால் நாம்? ஆசையாக வாங்கிய நாய்க்கு வயதாகிவிட்டது என்று, வீடு மாற்றுகிறோம் என்று, காரில் ஏற்றிப்போய் ஏதோ ஒரு கோயில் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புகிறோம். ‘சாமி பார்த்துக்கொள்ளும்’ என்று சமாதானம் வேறு! காப்பகங்கள் நிரம்பி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், 1896-ல் ஆன்ம ஞானம் கைகூடப் பெற்றவர் பகவான் ரமணர். திருவண்ணாமலை ஆசிரமத்தில் நாய்களை அவர் ‘அது, இது’ என்று சொன்னதில்லை, ‘பையன்கள்’ என்பார். அவற்றுக்குத்தான் முதலில் உணவு. 1948-ல் பசு லட்சுமி உயிர் நீத்தபோது உடனிருந்து, உரிய மரியாதையோடு சமாதி வைக்கச் செய்தார். இன்றும் அந்த ஆசிரமத்தில் பசு, மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகள் அருகருகே இருக்கின்றன. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் கோயில் காளை இறந்தால் ஊரே கூடி மாலை போட்டு, மேளம் கொட்டி அடக்கம் செய்கிறது. ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று அழுகிறது. அந்த மனம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அதைத் தெருவில் கிடக்கும் பெயரில்லாத உயிருக்கும் கொஞ்சம் நீட்டினால் போதும்.

என்ன செய்யலாம்?

நாய் வளர்க்க ஆசையா? கடையில் விலைக்கு வாங்கும் முன், காப்பகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நம் நாட்டு நாய்கள் நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகியவை. வீட்டில் இடமில்லையா? பழைய போர்வை, சாக்கு, அரிசி, மருந்துச் செலவு... காப்பகத்துக்கு எது தேவை என்று கேட்டுக் கொடுங்கள். பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்கிறவர்கள், ஒரு நாய்க்கான கருத்தடைச் செலவையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளலாம். பணமில்லையா? வாரத்தில் ஒரு மணி நேரம் போய் உதவுங்கள். அதுவும் முடியாதா? கோடை தொடங்கியதும் வாசலில் ஒரு சிமென்ட் தொட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். காய்கறிக் கழிவைப் பையில் முடிச்சுப் போட்டு எறியாதீர்கள்.

மதுரையில் ஆவணி மூலத் திருவிழா தொடங்கும்போது முதல் நாள் லீலை எது தெரியுமா? கருங்குருவிக்கு உபதேசம். இரண்டாம் நாள், நாரைக்கு மோட்சம். பிட்டுக்கு மண் சுமந்ததும், வளையல் விற்றதும் எல்லாம் அதன் பிறகுதான்! மனிதர்களின் வரிசை வருமுன், இரண்டு பறவைகளை முன்னே நிறுத்தி வைத்திருக்கிறது இந்த ஊரின் வழிபாடு.

அந்த வரிசையை நம் வாழ்க்கையிலும் கொஞ்சம் கடைப்பிடிப்போம். வரும் தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் சந்நிதியில் விளக்கேற்றுங்கள். ஏற்றிவிட்டு, அவர் பின்னால் நிற்கும் வாகனத்தையும் ஒரு கணம் பாருங்கள். வீடு திரும்பியதும், உங்கள் தெருவில் படுத்திருக்கும் நாயின் காதைக் கவனியுங்கள். வெட்டு அடையாளம் இல்லையென்றால், மாநகராட்சிக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். அன்றைய அஷ்டமி பூஜை அப்போதுதான் நிறைவுபெறும்.

பன்றிக்குட்டிகளின் பசியைத் தாயாகி ஆற்றிய ஆலவாய் அண்ணலும், அங்கயற்கண்ணி அன்னையும், உங்கள் இல்லத்திலும் உங்கள் வாசலில் ஒதுங்கும் உயிர்களிடத்தும் அருள் சுரக்கட்டும்!